கட்டத்துக்குள்ளே யார்? கறுப்புத் திரையின் பின்வாசலில் ஒரு உலா

சும்மா ஒரு டாலர் குறி. பக்கத்தில் கண் சிமிட்டும் கர்சர். டெர்மினலைத் திறந்ததும் "என்ன செய்யட்டும்?" என்று காத்திருக்கும் அந்த ஒற்றை வரிக்குத்தான் ப்ராம்ப்ட் என்று பெயர். பிறவியில் அதற்கு அவ்வளவுதான் சொத்து. ஆனால் அதை அப்படியே விட்டுவைக்க ப்ரோகிராமர்களுக்கு மனசு வருமா? நீலப் பட்டையில் ஃபோல்டர் பெயர், பச்சைப் பட்டையில் கிட் கிளை, பட்டைக்குப் பட்டை ஒரு கூர்முனை, இடக்கோடியில் ஆப்பிளோ பெங்குவினோ ஒரு குட்டி லோகோ, வலக்கோடியில் கடைசி கமாண்ட் எத்தனை விநாடி ஓடியது என்ற கணக்கு, பேட்டரி, மணி. ஒரு வரிக்குள் இத்தனையும்!

பவர்லெவல்10கே, ஸ்டார்ஷிப், ஓ மை போஷ் என்று இந்த ஒப்பனைக்கென்றே பெயர் போன மென்பொருள்கள் இருக்கின்றன. ஆசை ஆசையாக ஒன்றை இறக்கி, சொன்னபடியெல்லாம் செய்து, டெர்மினலை மூடித் திறந்தால் ஃபோல்டர் படம் வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டம். கிட் கிளைக்குப் பதில் இன்னொரு கட்டம். லோகோ இருக்க வேண்டிய மூலையில் பெட்டிக்குள் அடைபட்ட ஒரு கேள்விக்குறி. மாதிரிப் படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது? பின்வாசல் திறந்துதான் இருக்கிறது, வாருங்கள்.

நுழைந்ததுமே முதல் அதிர்ச்சி: அங்கே படம் என்று ஒன்றுமே கிடையாது! ப்ராம்ப்ட் மென்பொருள் டெர்மினலுக்கு அனுப்புவதெல்லாம் எண்கள். யூனிகோடில் நம் 'அ'வுக்கு எண் 2949. அதேபோல கிட் கிளைக்கு 57,504, அந்தக் கூர்முனைக்கு 57,520. எண்ணை வாங்கிய டெர்மினல், தனக்குச் சொல்லப்பட்ட ஃபான்டைத் திறந்து இந்த எண்ணுக்கு ஏதாவது உருவம் இருக்கிறதா என்று பார்க்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இல்லையென்றால் கம்ப்யூட்டரில் இருக்கும் மற்ற ஃபான்ட்களையும் ஒரு சுற்று விசாரிக்கும். ஒருவரும் கைதூக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஃபான்டின் பூஜ்யமாவது இடத்தில் இருக்கும் உருவத்தை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அதுதான் நம் கட்டம். ஆமாம், அந்தக் கட்டத்தையும் யாரோ ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து வரைந்துதான் இருக்கிறார்!

லினக்ஸில் க்நோம் டெர்மினல் வைத்திருப்பவர்கள் கட்டத்தை உற்றுப் பாருங்கள். உள்ளே பொடி எழுத்தில் சில இலக்கங்கள் தெரியும். வராமல் போன ஐகானின் எண்ணேதான் அது, பதினாறடிமானத்தில். காணாமல் போனவர் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த எண்ணை எஃப்சி-லிஸ்ட் கமாண்டிடம் கொடுத்தால், அந்த உருவத்தை வைத்திருக்கும் ஃபான்ட்கள் உங்கள் கம்ப்யூட்டரில் எவையெவை என்று பட்டியலே போட்டுக் கொடுக்கும். பட்டியல் காலியாக வந்தால் விசாரணை முடிந்தது: ஃபான்டே இல்லை.

அந்த ஃபான்டைத் தேடிப் போவதற்கு முன்னால் அந்தக் கூர்முனையைக் கொஞ்சம் ரசிக்க வேண்டும். பின்வாசலில் பார்க்கக் கிடைப்பவற்றில் என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் பரிசு. நீலப் பட்டை பச்சைப் பட்டைக்குள் அம்பாகச் செருகிக்கொண்டு நிற்கிறதே, அங்கே அம்பும் இல்லை, செருகலும் இல்லை. ஓர் எழுத்தின் இடத்தை முழுக்க நிறைத்து நிற்கும் ஒரு முக்கோணம், அவ்வளவுதான். அதன் எழுத்து நிறமாக முந்தைய பட்டையின் நீலத்தைக் கொடுத்துவிடுவார்கள். பின்னணி நிறமாக அடுத்த பட்டையின் பச்சையைக் கொடுத்துவிடுவார்கள். கண் ஏமாந்துவிடுகிறது! பல டெர்மினல்களில் அந்த இடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்தால் நிறம் மாறி, முக்கோணம் தன்னந்தனியாக, குட்டு வெளிப்பட்டு நிற்கும்.

இந்தத் தந்திரத்தை ஊர் அறியச் செய்தது பவர்லைன். விம் எடிட்டரின் அடிப்பட்டையை அழகுபடுத்த கிம் சில்கெபெக்கன் 2010களின் தொடக்கத்தில் எழுதியது. பிறகு ஷெல் ப்ராம்ப்டுக்கும் தாவியது. முக்கோணத்தின் உயரம் வரியின் உயரத்துக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் மேலேயோ கீழேயோ மயிரிழைக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். அதனால் கிட்டி, வெஸ்டெர்ம் போன்ற டெர்மினல்கள் இந்த முக்கோணங்களுக்கு ஃபான்டை நம்புவதே இல்லை, தாங்களே வரைந்துகொள்கின்றன. பாதி ஐகான் மட்டும் வருகிற மர்மத்துக்கு இதுவும் ஒரு காரணம். கூர்முனை ஜம்மென்று வருகிறது, ஃபோல்டர் மட்டும் கட்டமாக நிற்கிறது என்றால், முனையை வரைந்தது உங்கள் ஃபான்டாகவே இல்லாமல் இருக்கலாம்.

சரி, 57,520 என்ற எண்ணை அந்த முக்கோணத்துக்கு யார் ஒதுக்கினார்கள்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. யாருமே ஒதுக்கவில்லை!

யூனிகோடில் 57,344 முதல் 63,743 வரை 6,400 எண்களுக்குத் தனிப்பயன் பகுதி என்று பெயர். யூனிகோட் அமைப்பு அங்கே எந்த எழுத்தையும் வைக்காது. யார் வேண்டுமானாலும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் புறம்போக்கு நிலம். பட்டா கிடையாது. யார் குடிசை போட்டாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஒரே இடத்தில் இரண்டு பேர் போட்டுவிட்டால் பஞ்சாயத்து பண்ணவும் ஆளில்லை. கடைக்கோடியில், 63,743-ஆம் எண்ணில், ஆப்பிள் நிறுவனம் தன் லோகோவை நட்டு வைத்திருக்கிறது. மேக்கில் தட்டி அனுப்பிய ஆப்பிள் குறி மற்றவர்கள் கம்ப்யூட்டரில் கட்டமாகப் போய்ச் சேர்வது அதனால்தான்.

இதே புறம்போக்கில் தமிழுக்கும் ஒரு குடியிருப்பு உண்டு, தெரியுமா? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்16 குறியீடு இங்கேதான் இருக்கிறது, 57,600-க்கும் 58,367-க்கும் நடுவில். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, யூனிகோடோடு சேர்த்து இதையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. டெர்மினல் ஐகான்களின் தலைமைச் செயலகமான நெர்ட் ஃபான்ட்ஸோ 57,856-இலிருந்து ஒரு படத்தொகுப்பையும், 58,112-இலிருந்து வானிலைப் படங்களையும் அடுக்கி வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று! டேஸ்16-இல் அடித்த கோப்பை நெர்ட் ஃபான்ட் போட்ட டெர்மினலில் திறந்தால், சில தமிழ் எழுத்துகளின் இடத்தில் மேகமும் மழையும் வந்து நிற்கும். ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் அதற்கென்று ஒரு ஃபான்டை இறக்கிப் படித்த தலைமுறைக்கு இந்தக் கூத்து ஒன்றும் புதிதில்லை.

நெர்ட் ஃபான்ட்ஸ், ரையன் மெக்கின்டயர் தொடங்கிய திட்டம். ஃபான்ட் ஆசம், கிட்ஹப்பின் ஆக்டிகான்ஸ், விஎஸ் கோடின் கோடிகான்ஸ், மெட்டீரியல் டிசைன், லினக்ஸ் வகையறாக்களின் லோகோக்கள் என்று கண்ணில் பட்ட ஐகான் தொகுப்பையெல்லாம் வாரிச் சேர்த்ததில் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டிவிட்டது. தக்காளிக் கடிகாரம் வைத்து வேலை செய்பவர்களுக்கென்று தக்காளிப் படங்கள்கூட உண்டு! நிலமோ 6,400 மனை. எண்ணிக்கை இவ்வளவு ஏறுவதற்கு முன்பே சிக்கல் வந்துவிட்டது. பழைய பதிப்புகளில் மெட்டீரியல் டிசைன் ஐகான்கள் வேலியைத் தாண்டி அடுத்தவர் பட்டா நிலத்துக்குள் ஏறிவிட்டன. அங்கே முறைப்படி குடியிருந்தவை சீன எழுத்துகளும் அரபு வடிவங்களும். 2023-இல் வந்த 3-ஆம் பதிப்பு ஆக்கிரமிப்பைக் காலி செய்தது. அந்த ஐகான்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு 9,83,040-இல் தொடங்கும் தொலைதூரப் புறம்போக்குக்குக் குடிபெயர்ந்தன. அந்தப் பக்கம் இடத்துக்குப் பஞ்சமே இல்லை, 65,534 எண்கள் இருக்கின்றன.

இதன் பின்விளைவு அலாதியானது. பழைய கான்ஃபிக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஃபான்டை மட்டும் புதிதாக இறக்கினால், வைஃபை படம் இருந்த இடத்தில் திடீரென்று ஒரு சீன எழுத்து வந்து உட்காரும். வைரஸ் வந்துவிட்டதோ என்று பதறுகிறார்கள் பாவம். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த எண்ணின் நியாயமான சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். நெர்ட்ஃபிக்ஸ் என்றொரு குட்டிக் கருவி, கோப்புகளில் ஒளிந்திருக்கும் பழைய எண்களைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுக்கும். பவர்லெவல்10கேயில் அதன் அமைப்பு உரையாடலை மறுபடி ஓட்டினாலே போதும்.

அடுத்து சமையலறைக்குள் எட்டிப் பார்ப்போம். ஐகான் இல்லாத சாதாரண ஃபான்டுக்குள் இத்தனை ஆயிரம் ஐகான்களை யார் திணிக்கிறார்கள்? ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச ஃபான்ட் எடிட்டரை ஆட்டிவைக்கும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். ஐகானை ஒவ்வொன்றாகப் பிடித்து, அந்த ஃபான்டின் எழுத்து அகலத்துக்குச் சுருக்கி, நடுவில் நிறுத்தி, எண்ணில் பூட்டிவிடும். முக்கோணங்களை மட்டும் மேலும் கீழும் விளிம்பைத் தொடும்வரை இழுத்துவிடும். உங்களுக்குப் பிடித்த ஃபான்டைக் கொடுத்து நீங்களே இதை வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் சமைத்து வெளியே வரும்போது பெயர் மாறிவிடுகிறது! பல திறந்த ஃபான்ட்களின் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: மாற்றம் செய்தால் எங்கள் பெயரை வைக்கக் கூடாது. அதனால் சோர்ஸ் கோட் ப்ரோ, சாஸ் கோட் ப்ரோ ஆகிவிட்டது. லிபரேஷன் லிட்டரேஷன் ஆகிவிட்டது. ஐபிஎம் ப்ளெக்ஸ் மோனோ, ஐபிஎம்மை உதறிவிட்டு, ப்ளெக்ஸின் முதலெழுத்தையும் மாற்றிக்கொண்டு நடமாடுகிறது. சிரிப்பு ஒரு பக்கம், சிக்கல் இன்னொரு பக்கம். இறக்கி நிறுவிய பிறகும் டெர்மினலின் ஃபான்ட் பட்டியலில் பழக்கப்பட்ட பெயரையே தேடி, ஐகான் இல்லாத அசல் ஃபான்டையே தேர்ந்தெடுத்துவிட்டு, "போட்டுட்டேன், இன்னும் கட்டம்தான் வருது" என்று புலம்புகிறவர்கள் ஏராளம். பெயருக்குப் பின்னால் நெர்ட் ஃபான்ட் என்றோ, அதன் ஆங்கிலச் சுருக்கமான என்எஃப் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அடையாளம்.

இப்போது இந்த உலாவிலேயே எனக்கு மிகப் பிடித்த காட்சி. பவர்லெவல்10கேயை முதன்முதலில் ஓட்டினால் அது கேள்வி கேட்க ஆரம்பிக்கும். இரண்டு அம்புகளுக்கு நடுவில் எதையோ காட்டி, இது வைரம் போல, சாய்த்து நிறுத்திய சதுரம் போலத் தெரிகிறதா? இது பூட்டு போல இருக்கிறதா? இந்த ஐகான்கள் எல்லாம் பெருக்கல் குறிகளுக்கு நடுவில் அடங்குகின்றனவா, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா? கண் டாக்டர் கேட்கிற மாதிரி இவ்வளவு கேள்வி எதற்கு? அதற்குக் கண் தெரியாது, அதனால்தான்! ஷெல்லுக்குள் ஓடும் எந்த மென்பொருளுக்கும், தான் அனுப்பிய எண் திரையில் எப்படி வரையப்பட்டது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. எண்ணை அனுப்பியதோடு சரி. திரையில் வந்தது பூட்டா கட்டமா என்று பார்த்துச் சொல்ல நம் இரண்டு கண்தான் கதி.

இந்த ஒரு விஷயம் மனசில் பதிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைக்கு விடை தானாக வந்துவிடும். வரைவது ஷெல் இல்லை, சர்வர் இல்லை. நீங்கள் எந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ, அந்த ஜன்னல்தான் வரைகிறது. எங்கோ இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து அங்கே ஃபான்டை நிறுவுவது வீண் வேலை. உங்கள் லேப்டாப்பில் இருந்தால் போதும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் ஃபான்டை விண்டோஸ் பக்கம் நிறுவ வேண்டும். தனி டெர்மினலில் ஜொலிக்கும் ப்ராம்ப்ட் விஎஸ் கோடின் அடியில் இருக்கும் டெர்மினலில் மட்டும் கட்டமாக வருகிறதா? அது வேறு ஜன்னல், அதற்கு ஃபான்ட் பெயரைத் தனியாக அதன் செட்டிங்ஸில் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் வைத்திருக்கிறீர்களா? அதற்குள்ளேயே ஃபான்ட் தேர்வு மெனு கிடையாது. அதன் மறைவு ஃபோல்டரில் 'ஃபான்ட்' என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பு, அவ்வளவுதான் அதன் உலகம்.

ஃபான்ட் சரியாக இருந்தும் கோளாறு வருவதுண்டு. ஒரு கட்டத்துக்குப் பதில் மூன்று குப்பை எழுத்துகள் வரிசையாக வந்தால், ஃபான்டைக் குறை சொல்லாதீர்கள். 57,520 என்ற எண் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகப் பயணம் செய்கிறது. பழைய விண்டோஸ் குறியீடு என்று நினைத்து அதைப் படித்தால் தொப்பி போட்ட ஆங்கில ஐ ஒன்று, தரையில் உட்கார்ந்த மேற்கோள் குறி ஒன்று, வெப்பநிலைக்குப் போடும் டிகிரி வட்டம் ஒன்று என்று மூவரும் அணிவகுத்து வருவார்கள். இந்த மூவரைக் கண்டால் கோளாறு குறியீட்டில். பவர்ஷெல்லின் 5.1 பதிப்பு, தலையில் அடையாளம் இல்லாத யுடிஎஃப்-8 கோப்பை இப்படித்தான் தப்பாக வாசிக்கும். லினக்ஸிலும் டாக்கரிலும் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருந்தால் இதற்கு அண்ணன் தம்பியான சிக்கல்கள் வரும். அதை யுடிஎஃப்-8-க்கு மாற்றினால் தீர்ந்தது.

ஐகான் வருகிறது, ஆனால் பொடியாக இருக்கிறது, அல்லது வலப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் அது வேறு ரகம். பெரும்பாலான நெர்ட் ஃபான்ட்கள் மூன்று அச்சில் வருகின்றன. மோனோ என்று முடிவது ஐகானை ஓர் எழுத்து அகலத்துக்குள் அடக்கிவிடும்; அதனால் பொடிசு. ஒன்றும் ஒட்டாமல் வருவது ஐகானைத் தாராளமாக விடும். பக்கத்து இடம் காலியாக இருந்தால் பல டெர்மினல்கள் அதையும் எடுத்துக்கொண்டு பெரிதாக வரைய அனுமதிக்கும். வெட்டுப்படும் ஐகானுக்குப் பின்னால் கான்ஃபிக்கில் ஓர் இடைவெளி தட்டிப் பாருங்கள், சட்டென்று முழு உருவம் வரும்! மூன்றாவது ப்ரோபோ, அதை டெர்மினலுக்குப் போடாதீர்கள்.

சோதிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணை நேரடியாக அச்சிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மேக்கோடு வரும் பாஷ் 3.2-க்கு யூனிகோட் எண்ணை அப்படி எழுதும் முறையே தெரியாது, 4.2-இல்தான் அது வந்தது. ஃபான்ட் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்தாலும் அங்கே சோதனை தோற்கும். இசட் ஷெல்லில் செய்து பாருங்கள். அதேபோல, லினக்ஸில் ஜன்னல் எதுவும் இல்லாத வெறும் கன்சோலில் முட்டி மோதாதீர்கள். அங்கே ஒரு ஃபான்டுக்கு 512 உருவம்தான் உச்ச வரம்பு. 10,000 பேரை அங்கே குடியேற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது.

கொம்பு சீவிக்கொண்டு புதிய தலைமுறை டெர்மினல்கள் வந்துவிட்டன. வெஸ்டெர்ம், கிட்டி, 2024 டிசம்பரில் முதல் பதிப்பு கண்ட கோஸ்டி ஆகியவை நெர்ட் ஐகான்களைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகின்றன. ஃபான்ட் தேடும் வேலையே மிச்சம். மைக்ரோசாஃப்டும் 2024-இல் தன் காஸ்கேடியா கோட் ஃபான்டின் ஐகான் பதிப்பைத் தானே வெளியிட்டுவிட்டது.

மற்ற டெர்மினல்காரர்களுக்கு, குறிப்பாக லினக்ஸ்காரர்களுக்கு, என் ஓட்டு நெர்ட் ஃபான்ட்ஸின் 'சிம்பல்ஸ் ஒன்லி' தொகுப்புக்கே. எழுத்து எதுவும் இல்லாமல் ஐகான் மட்டும் கொண்ட ஃபான்ட் அது. நிறுவிவிட்டு எஃப்சி-கேஷ் கமாண்டை ஒருமுறை ஓட்டுங்கள், டெர்மினலை முழுவதுமாக மூடித் திறங்கள். உங்களுக்குப் பிடித்த ஃபான்ட் அப்படியே இருக்கும், பெயர் மாறிய அவதாரங்களைத் தேட வேண்டாம், ஐகான் எண் வரும்போது மட்டும் இது கைகொடுக்கும். இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் ஸ்டார்ஷிப்பில் ஐகானே இல்லாமல் வெறும் எழுத்தில் ஓடும் தயார் அமைப்பு ஒன்றும் இருக்கிறது. அதற்கு எந்த ஃபான்டும் போதும்.